இர்வின் பிரபு மேடை ஏறிய கதை

சென்ற இதழில் ஒரு வாசகர், "சண்டையே காட்டாமல் போரைக் காட்டிய நாடகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். பென் பிரவுன் எழுதி 2011-ல் லண்டனில் மேடையேறிய 'த்ரீ டேஸ் இன் மே' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கதை கேட்டிருக்கிறார்கள், சிலர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அந்த நாடகமும் அதற்குப் பின்னால் இருக்கிற நிஜக் கதையும்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓடினால் எப்படி? கதை என்ன, யார் யார் வருகிறார்கள்? – வாசகி, திருவாரூர்

1940 மே 26, 27, 28. ஞாயிறு, திங்கள், செவ்வாய். சர்ச்சில் பிரதமராகி இரண்டு வாரம் சொச்சம்தான் ஆகியிருக்கிறது. அவர் பதவியேற்ற மே 10-ம் தேதியன்றுதான் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் பாய்ந்தது. இப்போது பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது, பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் படையில் பெரும்பகுதி டன்கர்க் பக்கம் முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கிறது, அதில் எத்தனை பேர் உயிரோடு திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த நேரத்தில் பிரான்ஸ் பிரதமர் ரெய்னோ லண்டனுக்குப் பறந்து வருகிறார். இத்தாலி இன்னும் போரில் இறங்கவில்லை, முசோலினிக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டி அவரையே மத்தியஸ்தராக வைத்து ஹிட்லரோடு பேசிப் பார்க்கலாமா என்பதுதான் பேச்சு. எதைக் கொடுக்கலாம் என்பதில் மால்டா, ஜிப்ரால்டர், சூயஸ் என்று பெயர்கள் அடிபடுகின்றன.

முடிவெடுக்க வேண்டியவர்கள் போர் அமைச்சரவையின் ஐந்தே பேர். பிரதமர் சர்ச்சில், அவருக்கு முன்பு பிரதமராக இருந்த சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியிலிருந்து அட்லி, கிரீன்வுட். மூன்று நாளில் ஒன்பது முறை கூடுகிறார்கள். லிபரல் கட்சித் தலைவர் சின்கிளேரும் சில கூட்டங்களுக்கு வந்து போகிறார். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாடகம் அவ்வளவுதான். கதையை நமக்குச் சொல்வது ஜாக் கால்வில் என்கிற 25 வயது இளைஞர், பிரதமரின் தனிச்செயலர்களில் ஒருவர். இவர் சேம்பர்லினிடம் வேலை பார்த்துவிட்டு அப்படியே சர்ச்சிலிடம் வந்து சேர்ந்தவர், புது முதலாளியை ஆரம்பத்தில் கொஞ்சமும் நம்பாதவர், அப்புறம் விதிக்கு விரோதமாக ரகசியமாய் டைரி எழுதியவர். மேடையில் கதை சொல்ல இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். சர்ச்சிலைச் சர்ச்சிலின் விசிறி ஒருவர் சொல்லி நாம் கேட்டால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும்.

கேள்வி: பிரிட்டன் சரணடையவில்லை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு? – வாசகர், ஈரோடு

ராமன் ஜெயிப்பான் என்று தெரியும், பாண்டவர்கள் ஜெயிப்பார்கள் என்றும் தெரியும். அதற்காகத் தெருக்கூத்து பார்க்க விடியவிடிய உட்காராமலா இருந்தோம்?

கேள்வி: ஹிட்லரோடு பேரம் பேசலாம் என்ற ஹாலிஃபாக்ஸை வில்லன் என்று சொல்லலாமா, துரோகி என்றே சொல்லலாமா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

ஐயா, நீங்கள் வகுப்பெடுத்த காலத்தில் இந்த மனிதரைப் பற்றிப் பல தடவை பாடம் நடத்தியிருப்பீர்கள். காந்தி–இர்வின் ஒப்பந்தம், 1931 மார்ச் 5, ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த இர்வின் பிரபுதான் இந்த ஹாலிஃபாக்ஸ். 1926 முதல் 1931 வரை இங்கே வைஸ்ராயாக இருந்துவிட்டுப் போனவர், அப்பா இறந்தபின் குடும்பப் பட்டம் வந்து பெயர் மாறிவிட்டது, அதனால் நம்மில் பலருக்கு இருவரும் ஒருவரே என்பது தெரிவதில்லை. காந்தி தண்டிக்கு நடந்ததும் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் இவர் ஆட்சியில்தான். இருவரையும் உள்ளே போட்டதும் இவர் ஆட்சிதான், காந்தியை வெளியே விட்டுத் தன் மாளிகைக்குக் கூப்பிட்டுச் சமமாக உட்காரவைத்துப் பேசியதும் இவர்தான். "அரைநிர்வாணப் பக்கிரி" என்று சர்ச்சில் வயிறெரிந்தாரே, அது எப்போது என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பேச்சுவார்த்தைக்காகக் காந்தி வைஸ்ராய் மாளிகைப் படியேறியதைப் பார்த்துத்தான். ஆக, பேசலாம் என்கிற இர்வினும் பேசக்கூடாது என்கிற சர்ச்சிலும் 1940-ல் முதல்முறையாக மோதவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பே நம்மை வைத்து ஒரு ரவுண்டு முடிந்திருந்தது. அந்த ரவுண்டில் சரியாக நடந்துகொண்டவர் இர்வின் என்று நாம் எல்லோரும் சொல்வோம்.

எதிராளியோடு உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. சிக்கல் என்னவென்றால், எதிரே இந்த முறை காந்தி இல்லை. 1937 நவம்பரில் அவர் ஹிட்லரை நேரில் போய்ப் பார்த்தார். கார் வாசலில் நின்றதும் எதிரே நின்றவரை வேலைக்காரர் என்று நினைத்துக் கோட்டைக் கழற்றிக் கொடுக்கப் போய்விட்டார், அது ஹிட்லர்! அன்று சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் இந்தியா வந்தபோது, காந்தியைச் சுட்டுவிடுங்கள், அது போதவில்லை என்றால் காங்கிரஸ் தலைவர்களில் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரைச் சுடுங்கள் என்கிற ரீதியில் ஹிட்லர் யோசனை சொன்னதாக உடனிருந்த பிரிட்டிஷ் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். சொன்னது யாரிடம்? காந்தியோடு ஒப்பந்தம் போட்ட அதே ஆளிடம்.

துரோகி என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஹாலிஃபாக்ஸ் எந்த இடத்திலும் சரணடையலாம் என்று சொல்லவில்லை. நம் சுதந்திரத்துக்குப் பங்கம் இல்லாத நிபந்தனை கிடைக்குமா என்று கேட்டாவது பார்ப்போம், பிரான்ஸ் விழுவதற்கு முன்பு, நம் விமானத் தொழிற்சாலைகள் குண்டுபட்டு நொறுங்குவதற்கு முன்பு கேட்டால் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும் என்றார். அந்த மூன்று நாளில் கையில் இருந்த தகவல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது. நானும் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன். சர்ச்சிலின் பதில்தான் தர்க்கத்தில் பலவீனமானது. பேச ஆரம்பித்தாலே சறுக்குமரத்தில் கால் வைத்த மாதிரி, ஒருமுறை மக்களுக்கு வாசம் தெரிந்துவிட்டால் திரும்பவும் போராடச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். இதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது, நம்பத்தான் முடியும். 27-ம் தேதி ஹாலிஃபாக்ஸ் பொறுமை இழந்து ராஜினாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார். மூளையைப் போட்டு யோசிக்க வேண்டிய நேரத்தில் இந்த மனிதர் உணர்ச்சிவசப்பட்டுக் கொந்தளிக்கிறாரே என்று அன்றிரவு டைரியில் புலம்பியிருக்கிறார். நம் அலுவலகங்களில் ஒரு நல்ல அக்கவுண்டன்ட் தன் முதலாளியைப் பற்றி வீட்டில் போய்ச் சொல்வது போலவே இருக்கிறது.

நாடகத்தைத் தூக்கி நிறுத்துவதும் இதுதான். ஹாலிஃபாக்ஸை முட்டாளாகவோ கோழையாகவோ எழுதிவிட்டால் முதல் காட்சியிலேயே எல்லாம் முடிந்துபோகும்.

கேள்வி: அப்படியானால் சர்ச்சில் எப்படி ஜெயித்தார்? பேச்சுத் திறமையாலா? – கல்லூரி மாணவி, திருச்சி

பாதி பேச்சு, பாதி சாமர்த்தியம். முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும், சர்ச்சிலும் பாறை மாதிரி அசையாமல் நின்றுவிடவில்லை. மால்டாவையும் ஜிப்ரால்டரையும் ஆப்பிரிக்காவில் சில காலனிகளையும் கொடுத்து இந்த இக்கட்டிலிருந்து வெளியே வர முடியுமானால் பாய்ந்து ஏற்றுக்கொள்வேன் என்று 26-ம் தேதி அவரே சொன்னதாகச் சேம்பர்லின் டைரியில் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு நிபந்தனை வரவே வராது என்பதும் அவர் வாதம். அசைந்தாரா, ஹாலிஃபாக்ஸைத் தட்டிக்கொடுப்பதற்காகச் சொன்னாரா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நடிகருக்கு இது கொண்டாட்டம், இரண்டு விதமாகவும் அந்த வரியைச் சொல்லலாம்.

சாமர்த்தியம் 28-ம் தேதி மாலை நடந்தது. ஐவர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தில் நான்கு மணிக்கு ஆரம்பித்து, முடிவில்லாமல் ஆறேகால் மணிக்கு இடைவேளை விட்டது. அந்த இடைவேளையில் சர்ச்சில் டீ குடிக்கப் போகவில்லை. போர் அமைச்சரவையில் இல்லாத மற்ற அமைச்சர்கள் இருபத்தைந்து பேரைத் தன் அறைக்கு வரச்சொல்லியிருந்தார். நிலைமையை மறைக்காமல் சொன்னார். அந்த மனிதனோடு சமரசம் பேசலாமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன் என்றும் சொன்னார். கடைசியில், நம் தீவின் நீண்ட கதை முடியத்தான் வேண்டுமென்றால், நாம் ஒவ்வொருவரும் நம் ரத்தத்திலேயே மூச்சுத் திணறித் தரையில் கிடக்கும்போது முடியட்டும் என்றார். அங்கே இருந்த டால்ட்டன் என்ற அமைச்சர் டைரியில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. (அந்தக் காலத்து இங்கிலாந்தில் டைரி எழுதாத அரசியல்வாதியே கிடையாதோ என்று சந்தேகமாக இருக்கிறது.) அமைச்சர்கள் எழுந்து வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ஏழு மணிக்குச் சர்ச்சில் திரும்பி வந்து, இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள் என்று ஐவர் கூட்டத்தில் அறிவித்தார். ஹாலிஃபாக்ஸ் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பஞ்சாயத்து நடக்கும்போது பெரியவர் ஒருவர் "இதோ வந்துடறேன்" என்று எழுந்துபோய் ஊரையே கூட்டிக்கொண்டு வந்த மாதிரிதான்.

கேள்வி: குடையும் கையுமாக ஹிட்லரிடம் போய் ஏமாந்த சேம்பர்லினுக்கு அங்கே என்ன வேலை? – வாசகர், சேலம்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நீளமாகச் சொல்வேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் நாயகர் சர்ச்சில் இல்லை, உங்கள் குடைக்காரர்தான். கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐந்து பேரில் அட்லியும் கிரீன்வுட்டும் சர்ச்சில் பக்கம், அதிலும் கிரீன்வுட் வெளிப்படையாகவே. ஹாலிஃபாக்ஸ் எதிர்ப்பக்கம். மீதி சேம்பர்லின். மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, இது கை தூக்கி எண்ணுகிற விவகாரமில்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் அப்போதும் சேம்பர்லின்தான். சர்ச்சில் பிரதமரானாரே தவிரக் கட்சி அவர் கைக்கு வரவில்லை. மே 13-ம் தேதி நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சி உறுப்பினர்கள் சேம்பர்லினுக்குத்தான் ஆரவாரம் செய்தார்கள், புதுப் பிரதமருக்குக் கைதட்டியது பெரும்பாலும் தொழிற்கட்சி வரிசைகள். சேம்பர்லினும் ஹாலிஃபாக்ஸும் சேர்ந்து வெளியே நடந்திருந்தால் சர்ச்சில் அரசு அன்றே கவிழ்ந்திருக்கும், அப்புறம் யார் வந்திருப்பார்கள்? மே 9-ம் தேதியே பிரதமர் பதவி ஹாலிஃபாக்ஸின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு ஆட்சி நடத்த முடியாது என்று அவரே ஒதுங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக எல்லாம் இந்த 71 வயதுக் கிழவர் கையில். ஊரே கேலி செய்கிற மனிதர், இரண்டு வாரத்துக்கு முன்புதான் பதவி பறிபோனது, பறிபோன பதவியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் வருடக்கணக்கில் தன்னை விமர்சித்தவர். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். முதல் நாள் அவர் ஹாலிஃபாக்ஸுக்கு அனுசரணையாகத்தான் பேசினார், அப்புறம் மெல்ல மெல்ல நகர்ந்து 28-ம் தேதி சர்ச்சில் பக்கம் வந்து சேர்ந்தார். இப்போது பேசப் போனால் ஒன்றும் கிடைக்காது, போராடுவதில் ஆபத்து உண்டு, ஆனால் பேசப் போவதும் பெரிய சூதாட்டம்தான் என்பது அவர் கணக்கு. உற்சாகமான ஆதரவு என்று சொல்ல முடியாது, வேறு வழியில்லை என்கிற ஆதரவு. அது போதுமாக இருந்தது.

ஏன் மாறினார்? என் ஊகத்தைச் சொல்கிறேன். 1938 செப்டம்பரில் மூன்று முறை விமானம் ஏறி ஹிட்லரைப் பார்க்கப் போனவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். இனி நமக்குள் போர் இல்லை என்று ஹிட்லரிடம் கையெழுத்து வாங்கிய தாளைக் கூட்டத்தில் ஆட்டிக் காட்டியதும் அவர்தான், ஆறு மாதத்தில் அந்தத் தாள் குப்பையானதைப் பார்த்ததும் அவர்தான். சூடு கண்ட பூனை. சர்ச்சில் ஹிட்லரை நம்பாதது கொள்கை, சேம்பர்லின் நம்பாதது பட்டறிவு. ஹாலிஃபாக்ஸால் சர்ச்சிலின் உணர்ச்சிப் பேச்சைத் தட்டிக்கழிக்க முடியும், தன் பழைய கூட்டாளியின் பட்டறிவை எப்படித் தட்டிக்கழிப்பார்?

சர்ச்சில் செய்ததையும் சொல்லவேண்டும். பதவிக்கு வந்ததும் வீட்டைக் காலி பண்ணு என்று விரட்டவில்லை, டவுனிங் தெரு பத்தாம் எண் பிரதமர் வீட்டிலேயே இருங்கள், நான் பழைய இடத்தில் இருந்துகொள்கிறேன் என்று சில வாரம் விட்டுவைத்தார். தோற்றவரிடம் மரியாதையாக நடந்துகொண்டதற்கு வட்டி அந்த மூன்று நாளில் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தோன்றும். 1940 நவம்பர் 9-ம் தேதி சேம்பர்லின் புற்றுநோயில் இறந்துபோனார். இன்றைக்கும் அவரைப் பற்றி யார் பேசினாலும் குடைதான் முதலில் வருகிறது. உங்களுக்கும் அதுதானே வந்தது.

கேள்வி: மூடிய அறைக்குள் பேசியது நாடகாசிரியருக்கு எப்படித் தெரியும்? – வாசகர், புதுச்சேரி

அமைச்சரவைக் கூட்டக்குறிப்புகள் 30 ஆண்டு பூட்டி வைக்கப்பட்டு 1971-ல் வெளியே வந்தன. அதுவரை உலகத்துக்குத் தெரிந்தது சர்ச்சில் எழுதியதுதான். போர் நினைவுக் குறிப்புகளில் அவர், தனியாகப் போரைத் தொடர்வதா என்கிற மாபெரும் கேள்வி எங்கள் போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை, எதிர்காலத் தலைமுறைகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று பெருமையாக எழுதிவைத்தார். ஒன்பது கூட்டம் நடத்திவிட்டு! வக்கீல் மூளையோடு பார்த்தால் அது பொய்யும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் இருந்த தலைப்பு முசோலினியை அணுகுவது பற்றிய யோசனை என்பதுதான். ஹாலிஃபாக்ஸ் அப்போது உயிரோடு இருந்தார், 1959-ல்தான் காலமானார். பழைய சகாவைக் காப்பாற்றினாரா, நாங்கள் எல்லோரும் ஒரே மனமாக நின்றோம் என்கிற கதையைக் காப்பாற்றினாரா? இரண்டும் இருக்கலாம்.

குறிப்புகளிலும் ஓட்டை உண்டு. 26-ம் தேதி ஒரு கூட்டத்தின் முதல் கால் மணி நேரம் செயலர் அறையில் இல்லை, அதனால் அந்தப் பதினைந்து நிமிடம் பதிவாகவில்லை என்று குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் ஹாலிஃபாக்ஸ் ராஜினாமா என்று முறைத்ததும் சர்ச்சில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் உலாத்தினாரே, அதற்கும் முழுப் பதிவு கிடையாது. மன்னிப்பும் பாசமுமாகப் பேசினார் என்று ஹாலிஃபாக்ஸ் டைரியில் ஒரு வரி, அவ்வளவுதான். நாடகாசிரியருக்குச் சோறு போடுவதே இந்த மாதிரி ஓட்டைகள்தான்.

கேள்வி: நிஜத் தலைவர்கள் வாயில் கற்பனை வசனத்தைப் போடலாமா? வழக்கு வராதா? – வழக்கறிஞர், மதுரை

வந்திருக்கிறது. ஜெர்மன் நாடகாசிரியர் ரால்ஃப் ஹோஹூட் 1967-ல் 'சோல்ஜர்ஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார். 1943-ல் ஜிப்ரால்டரில் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி விமான விபத்தில் இறந்ததில் சர்ச்சிலுக்குக் கை உண்டு என்கிற தொனி அதில் இருந்தது. லண்டன் நேஷனல் தியேட்டர் நிர்வாகக் குழு மேடையேற்ற மறுத்துவிட்டது. குழுவின் தலைவர் யார் தெரியுமா, சர்ச்சிலின் போர் அமைச்சரவையிலேயே இருந்தவர். பிறகு 1968-ல் பிரிட்டனில் நாடகத் தணிக்கை ஒழிந்தபின் வேறு அரங்கில் நடந்தது. விபத்தில் உயிர்பிழைத்த விமானி, என்னைச் சதிகாரன் ஆக்கிவிட்டார்கள் என்று அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்.

ஆதாரம் இருக்கிற இடத்தில் இடைவெளியை நிரப்புவது வேறு, ஆதாரமே இல்லாத கொலையைத் தலையில் கட்டுவது வேறு. தணிக்கை என்றதும் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்யதை இல்லை. அவன் 1876-ல் போட்டுவிட்டுப் போன நாடகச் சட்டத்தை வைத்துக்கொண்டதோடு, 1954-ல் நாமே புதிதாக ஒன்று போட்டோம். எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துத்தான் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள்.

கேள்வி: வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோரைச் சாகவிட்ட சர்ச்சிலுக்கு நீங்கள் விளம்பரம் செய்வது வெட்கக்கேடு. – வாசகர், கோவில்பட்டி

கோபம் நியாயமானது. 1943-ல் வங்கத்தில் செத்தவர்கள் இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை, தானியக் கப்பல் அனுப்பச் சொல்லி இங்கிருந்து கெஞ்சியபோது சர்ச்சில் எப்படிப் பேசினார் என்பதற்கு முக்கியமான சாட்சி இந்தியா மந்திரி லியோ அமெரியின் டைரி. அந்த அமெரி (பிறந்தது நம் கோரக்பூரில்) மே 28 மாலை சர்ச்சிலின் அறையில் இருந்த இருபத்தைந்து பேரில் ஒருவர். பிரதமரின் உறுதியைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்ததாக அன்று எழுதினார். அதே பிரதமர் இந்தியர்களைப் பற்றிக் கொட்டிய வெறுப்பைப் பின்னாளில் எழுதியதும் அதே பேனாதான். இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார், நாம் படிக்கும்போது ஒன்றை மட்டும் ஏன் கிழித்துப் போட வேண்டும்? நாடகம் மூன்று நாளை மட்டும் எடுத்துக்கொண்டது. 1943-ஐ வைத்து யாராவது நம்மவர் எழுதினால் முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்காருவேன்.

கேள்வி: அந்த மூன்று நாளில் இந்தியாவை யாராவது கேட்டார்களா? – வாசகி, கும்பகோணம்

1939 செப்டம்பரில் போர் ஆரம்பித்தபோதே கேட்கவில்லை, வைஸ்ராய் லின்லித்கோ ஒரு அறிவிப்போடு நம்மையும் போரில் சேர்த்துவிட்டார். அதைக் கண்டித்துத்தான் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் பதவியை அக்டோபரில் விட்டார். ஆனால் அந்த மேசையைப் பாருங்கள், ஒருவர் முன்னாள் வைஸ்ராய், அட்லி சைமன் கமிஷனில் உறுப்பினராக வந்து "திரும்பிப் போ" கோஷம் கேட்டவர், 1947-ல் சுதந்திரம் கொடுத்த பிரதமரும் அவரே, சர்ச்சில் 1935 இந்தியச் சட்டத்தை எதிர்த்துத் தொண்டை வற்றக் கத்தியவர். டன்கர்க் கரையிலும் நம் ஆட்கள் இருந்தார்கள். 1939 டிசம்பரில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய கோவேறு கழுதைப் படைப்பிரிவுகள். பனியில் லாரி சிக்கிக்கொள்கிற இடங்களில் சாமான் தூக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். கழுதைகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள், ஒரு பிரிவு ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டது.

இன்னொன்று. பிரான்ஸ் விழுந்தபின் ஜூலை மாதம் காந்தி பிரிட்டிஷ் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆயுதத்தைக் கீழே வையுங்கள், ஹிட்லரும் முசோலினியும் உங்கள் அழகான தீவையும் கட்டடங்களையும் எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் ஆன்மாவையும் மனதையும் மட்டும் கொடுக்காதீர்கள் என்று. பேரமும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். அதே ஜூலையில் ராஜாஜி காந்தியோடு முரண்பட்டு, தேசிய அரசு அமைத்துக் கொடுத்தால் போரில் துணை நிற்போம் என்று காங்கிரஸைப் புனாவில் சம்மதிக்க வைத்தார். நம் பக்கமும் ஒரு மேசை இருந்தது, இரண்டு நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்திகள் வேறு! அதை இன்னும் யாரும் மேடைக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: டன்கர்க்கில் லட்சக்கணக்கானோர் தப்பியதால்தானே அந்தத் தைரியம் வந்தது? – வாசகர், தஞ்சாவூர்

வரிசையை மாற்றிவிட்டீர்கள். ஜூன் 4 வரை மீட்டது 3,38,226 பேர், சரிதான். ஆனால் ஆரம்பத்தில் எதிர்பார்த்தது இரண்டு நாளில் 45,000 பேர், மே 27-ம் தேதி வந்து சேர்ந்தது 7,669 பேர். அன்றிரவு பெல்ஜியம் வேறு சரணடைந்துவிட்டது. முடிவெடுத்தபோது அவர்கள் கையில் இருந்த எண் அந்தச் சின்ன எண்தான். முசோலினியோ ஜூன் 10-ல் போரில் இறங்கினார். மத்தியஸ்தம் பண்ணவேண்டியவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் இது போல ஒன்று போட ஆசை. யோசனை சொல்லுங்கள். – மாணவர், கோயம்புத்தூர்

இதையே போடுவதாக இருந்தால் முறைப்படி உரிமை வாங்குங்கள். சொந்தமாக எழுதினால் இன்னும் நல்லது. சுருட்டிலும் இரண்டு விரல் அடையாளத்திலும் ஒத்திகையை ஆரம்பிக்காதீர்கள், லண்டனில் வாரன் கிளார்க் சர்ச்சில் பாத்திரத்தை ஏற்றார், அவரைப் போன்ற தேர்ந்த நடிகர்களுக்கே சுருட்டு ஒரு பொறி. உயரமான பையனை ஹாலிஃபாக்ஸ் ஆக்குங்கள், நிஜத்தில் ஆறடி ஐந்து அங்குலம், பிறவியிலேயே இடதுகை மணிக்கட்டுக்குக் கீழே கிடையாது. அந்தக் கையை மறைத்தே வாழ்ந்த மனிதர் எப்படி உட்காருவார், எப்படிக் கோப்பை எடுப்பார் என்று யோசித்தாலே பாதிப் பாத்திரம் வந்துவிடும். கூச்ச சுபாவமுள்ள நண்பர் இருந்தால் அட்லி அவருக்குத்தான், நாலு வார்த்தைக்குமேல் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். மேசை ஒன்று, நாற்காலி ஐந்து, பட்ஜெட் பற்றிக் கவலை வேண்டாம். மேடையில் பெண்கள் இல்லையே என்று உங்கள் குழுப் பெண்கள் கேட்டால் சேம்பர்லினை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எல்லோரும் பேசும்போது கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில் மனம் மாறுகிற வேடம், நன்றாக நடிக்கத் தெரிந்தவருக்குப் போகவேண்டியது.

கேள்வி: அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம்? மழுப்பாமல் சொல்லவும். – வாசகி, காரைக்குடி

26-ம் தேதி ஹாலிஃபாக்ஸ் பக்கம். 27-ம் தேதி தலைவலி என்று லீவு போட்டிருப்பேன். 28-ம் தேதி சேம்பர்லின் வாயைத் திறக்கும்வரை நான் திறந்திருக்க மாட்டேன்.